விடுபட்ட 'மட்டும்'

அலுவலகத்தில் அவளைக் கறார் என்றுதான் கூப்பிடுவார்கள், அதுவும் முகத்துக்கு நேராகவே. பெரிய பெரிய நிறுவனங்களுக்கு இணைப்பு கொடுக்கும் அலுவலகம் அது. எந்த வாடிக்கையாளர் எத்தனை வழிகளை அனுப்பலாம் என்று ரவுட்டரில் வரம்பு போடுவது அவள் வேலை. கெஞ்சினாலும் கொஞ்சினாலும் எழுத்தில் வராத எதையும் செய்யமாட்டாள்.

அந்த வரம்பு என்னவென்று சொல்லிவிடுகிறேன், பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஒரு நிறுவனத்தின் ஒவ்வொரு கிளையும் 'என்னிடம் வர இதுதான் வழி' என்று ரவுட்டருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். ஒருவரே ஆயிரக்கணக்கில் கொட்டினால் ரவுட்டர் திணறிப் போகும், மற்றவர்கள் பாடு திண்டாட்டம். அதனால் ஆளுக்கு இத்தனை என்று ஒரே வரியில் எழுதி வைப்பார்கள். வரியின் கடைசியில் 'எச்சரிக்கை மட்டும்' என்று பொருள்படும் சொல்லைச் சேர்த்தால், எண்ணிக்கை மீறும்போது ரவுட்டர் முணுமுணுப்பதோடு சரி. சேர்க்காவிட்டால் இணைப்பையே துண்டித்துவிடும். யாராவது உள்ளே போய்க் கையால் எழுப்பிவிடும்வரை அப்படியே கிடக்கும்.

அவளுடைய வாடிக்கையாளர்களில் ஒரு பார்சல் நிறுவனமும் உண்டு. அங்கே இந்த வேலைகளைப் பார்த்தவன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி. இரண்டு அலுவலகத்திலும் யாருக்கும் இது தெரியாது. எழுதும்போது 'மேடம்' என்பான். போனில் 'அக்கா' என்பான். முறைப்படி எழுதிக் கேட்டால்தான் அவனுக்கும் செய்து கொடுப்பாள், அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

பார்சல் நிறுவனம் இன்னொரு சின்ன நிறுவனத்தை வாங்கியது. வழிகள் கூடும், ஐந்நூறை எண்ணூறாக்கிக் கொடுங்கள் என்று தம்பி எழுதிக் கேட்டான். அவளும் பழைய வரியின்மேல் புது வரியை அடித்தாள். எண்ணை மாற்றினாள், பழைய வரியின் கடைசியில் இருந்த 'எச்சரிக்கை மட்டும்' சொல்லைச் சேர்க்க மறந்தாள். புது வரி வந்தால் பழையது முழுசாகப் போய்விடும் என்பது அவளுக்குத் தெரியாததா? பத்து வருஷமாக மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே அதைத்தான்.

வாங்கிய நிறுவனத்தின் கிளைகளைச் சேர்க்கும் நாளுக்கு முன்தினம் தம்பி போன் செய்தான். எண்ணிப் பார்த்ததில் முதல் இரண்டு நாள் மட்டும் எண்ணூற்றைம்பது, அறுபது வரை போகும்போலிருக்கிறது, அப்புறம் தானாகக் குறைந்துவிடும் என்றான்.

"மீறினா வார்னிங் மட்டும்தானேக்கா?"

"ஆமாடா, வார்னிங் மட்டும்தான். தைரியமா செய்" என்றாள். ரவுட்டரைத் திறந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது.

மறுநாள் காலை பத்து மணிக்கு எல்லாக் கிளைகளும் ஒரே அடியாக விழுந்தன. எங்கே கோளாறு என்று அவரவர் ஒரு பக்கம் தேடி, கடைசியில் அவளிடம் வந்து, அவள் எண்ணை உயர்த்திக் கையால் எழுப்பிவிடுவதற்குள் நாற்பது நிமிஷம். எழுப்பிய கையோடு பழைய பதிவைத் திறந்து பார்த்தாள். வரி ஐந்நூறாக இருந்தபோது அந்தச் சொல் இருந்தது. எண்ணூறானபோது இல்லை. மாற்றியவர் என்ற இடத்தில் அவள் பெயர்.

இரண்டு நிறுவனமும் சேர்ந்து மறுநாள் போனில் விசாரணை வைத்தன. வாடிக்கையாளர் பேசிய அளவை மீறினார், ரவுட்டர் எழுதியபடி நடந்துகொண்டது என்று அவளுடைய மேலாளர் அறிக்கையை வாசித்தார். ஒரு வார்த்தை பொய்யில்லை. பழைய பதிவைப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. அப்போது தம்பியின் முதலாளி கேட்டார்.

"மீறினா வெறும் வார்னிங்தான்னு நீங்க போன்ல சொன்னதா எங்க ஆளு சொல்றாரு. சொன்னீங்களா?"

மேலாளர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னேன் என்றால் எழுத்தில் இல்லாததை எப்படிச் சொன்னாய் என்று வரும், யாரிடம் என்று வரும், தம்பி என்பதும் வரும். கறார் என்று எடுத்த பெயரும் போகும்.

"அப்படிச் சொன்னதா எனக்கு ஞாபகம் இல்ல சார்."

 அந்த வாரமே தம்பியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அவன் சண்டைக்கு வந்திருந்தால் அவளுக்குப் பிழைத்துக்கொள்ள ஒரு வழி இருந்திருக்கும். வரவில்லை. நலம் விசாரிக்க அவள் அவன் வீட்டுக்குப் போனபோது அவன் மனைவிதான் பொறுக்கமாட்டாமல், "நிஜமாவே ஞாபகம் இல்லையா அண்ணி?" என்று கேட்டாள். தம்பி மனைவியை அதட்டினான்.

"அக்கா சொல்லியிருந்தா சொன்னேன்னு சொல்லியிருப்பா. நான்தான் தப்பா கேட்டிருக்கேன்."

அக்கா அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுக் கிளம்பினாள்.

மூன்று மாதம் கழித்து அவன் ஒரு செல்போன் பழுதுபார்க்கும் கடையில் வேலை பார்ப்பதாகக் கேள்விப்பட்டுப் போனாள். கடையில் ஒரு பெரியவர் நின்றிருந்தார். தம்பி அவர் சொல்வதை ஒரு நோட்டில் எழுதினான், எழுதியதை அவருக்கே படித்துக் காட்டினான், பிறகு இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டான். "சார்ஜ் ஏறலன்னு எத்தனை வாட்டிய்யா சொல்றது?" என்று பெரியவர் சலித்துக்கொண்டு போனார். ரவுட்டர் வேலைக்கு வேறெங்கும் முயற்சி செய்யவில்லையா என்று அக்கா கேட்டாள். அந்த வேலையில் ஒருத்தர் சொன்னதைச் சரியாகக் கேட்கத் தெரிய வேண்டும், எனக்கு இப்போது என் காதிலேயே நம்பிக்கை இல்லை என்றான். குறையாகச் சொல்லவில்லை, வயிறு சரியில்லை என்பதுபோலச் சொன்னான்.

ஐயோ, வேலை ஒன்றுதான் போயிற்று என்று நினைத்திருந்தோமே என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"நீ சரியாத்தான்டா கேட்டே. வார்னிங் மட்டும்தான்னு நான்தான் சொன்னேன். அந்தச் சொல்லை விட்டதும் நான்தான்."

அவன் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை வைத்தான். முகத்தில் முதலில் வந்தது கோபமில்லை, நிம்மதி. மூன்று மாதமாக முதுகில் கிடந்த மூட்டையை யாரோ இறக்கி வைத்ததுபோல மூச்சு விட்டான். அதைப் பார்க்கத்தான் அவளால் முடியவில்லை. இரண்டு அலுவலகத்துக்கும் உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றாள். அங்கே வேறு ஆள் எடுத்துவிட்டார்கள் என்றான். பிறகு கேட்டான்.

"எப்பக்கா ஞாபகம் வந்துச்சு?"

இந்தத் தடவை அவள் பொய் சொல்லவில்லை.

"அன்னைக்கே இருந்துச்சுடா."

அந்த நிம்மதி அவன் முகத்திலிருந்து மெல்ல இறங்கிப் போவதை அவள் நின்று பார்த்தாள்.

"இப்பத்தான் வந்துச்சுன்னு சொல்லியிருக்கலாமேக்கா" என்றான். "நான் நம்பியிருப்பேனே."