மஞ்சள் அம்பு

"மரத்துக்கு மரம் நானே பூசுன வழிகாட்டிக் கோடுடி. அதை நம்பி ஊரே நடக்குது, உனக்கு ஃபோன் கேக்குதா?" என்று காலையில் வீராப்பாகப் பேசி, மனைவி போஹ்தனாவின் ஃபோனையும் பிடுங்கித் தன்னுடையதோடு வீட்டு மேஜையில் வைத்துவிட்டு வந்த ராதோவன், மொராவியக் குன்றின் பனியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"எந்திரிய்யா, நாலு மணிக்கெல்லாம் இருட்டிடும்," என்று போஹ்தனா கெஞ்சினாள். ரம் கலந்த தேநீரும் தீர்ந்திருந்தது.

"மேட்டுக்கு அந்தப் பக்கம் பெரிய மரத்துல அம்புக்குறி இருக்கு. அது காட்டுற பக்கம் ஓடு, கால் மணியில ஊரு. ஆளைக் கூட்டியா."

முழங்கால் பனியில் விழுந்தடித்து ஏறினாள். மேட்டுக்கு அப்பால் காடே இல்லை. வண்டு அரித்த மரங்களையெல்லாம் வெட்டி அடுக்கியிருந்தார்கள். அடுக்கின் உச்சிக் கட்டையில் ராதோவனின் மஞ்சள் அம்பு வெறும் வானத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.