ஆகஸ்டுக்குள் போனவர்கள்

1994 மார்ச் ஒன்பதாம் தேதி, புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு, எசேக்கியா நோபிள் என்கிற எழுபத்தோரு வயது மீனவர், மினர்வா வின்சர் எழுதிக்கொண்டிருந்த நாவலின் நாற்பத்தோராம் பக்கத்துக்குள் போனார். அடுக்களை வாசலில் ரப்பர் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போனார். பிட்டர் கோவ் என்கிற எங்கள் கடலோர ஊரில் பூட்ஸோடு யாரும் அடுத்தவர் வீட்டுக்குள் நுழைவதில்லை. கோப்பையில் டீ பாதி மிச்சமிருந்தது. விசாரிக்க வந்த போலீஸ்காரர் 'ஊரைவிட்டுப் போனார்' என்று எழுதிக்கொண்டு கிளம்பினார். நியூஃபவுண்ட்லாந்தில் அந்த வருடம் யார்தான் ஊரைவிட்டுப் போகவில்லை? எண்ணெய் வேலைக்கென்று கனடாவின் மறுபக்கத்து ஆல்பர்ட்டாவுக்கு வாரம் இரண்டு பேர் பஸ் ஏறிக்கொண்டிருந்தார்கள். அதனால் அவர் இன்னொரு கேள்வி கேட்கவில்லை.

மினர்வா ஆசைப்பட்டு நாவலாசிரியை ஆகவில்லை. 1992 ஜூலையில் அரசாங்கம் காட் மீன் பிடிக்கக் கூடாது என்று தடை போட்டது. கடலில் மீன் இல்லை என்பது எங்களுக்கு முன்பே தெரியும், வாய்விட்டுச் சொல்லத்தான் ஒருவருக்கும் தைரியமில்லை. மீன் ஆலை மூடிக்கொண்டது. அங்கே முப்பத்தோரு வருடம் நின்றபடி மீன் அறுத்த மினர்வாவுக்கு அப்போது ஐம்பத்தேழு வயது. உதவித்தொகை வேண்டுமானால் புதிதாக ஒரு தொழில் பழக வேண்டும் என்றார்கள். பெண்கள் எல்லாரும் முடிவெட்டும் வகுப்புக்கு ஓடினார்கள். நூற்றெண்பது தலை உள்ள ஊரில் பதினான்கு பேர் கத்திரியோடு அலைந்தால் என்ன ஆகும்? அந்தக் கோடையில் நாய்கள்கூட ஒட்ட வெட்டிய முடியோடு திரிந்தன. மினர்வா போய்ச் சேர்வதற்குள் வகுப்பு நிரம்பிவிட்டது. மிச்சமிருந்தது சர்ச் நிலவறையில் நடந்த கதை எழுதும் வகுப்பு மட்டும்தான். தலைநகர் செயின்ட் ஜான்ஸிலிருந்து வந்த ஆசிரியை, தெரிந்ததை எழுதச் சொன்னாள். மினர்வாவுக்குத் தெரிந்தது மீன். அதனால் படகுத்துறையின் மரப்பலகைகளில் மீனைக் கொட்ட இடமில்லாமல் போன 1962 ஆகஸ்ட் மாதத்தை, பென்சிலால், கோடு போட்ட நோட்டில் எழுத ஆரம்பித்தாள்.

மூன்றாம் பக்கத்திலேயே நோட்டு ஈரமானது. அடுப்புக்கு மேலே கயிறு கட்டி அதைக் காயப் போட்டாள். தாளின் ஓரங்களில் உப்புப் பூத்தது. இரண்டு வருடமாக எங்கள் பக்கம் எட்டிப் பார்க்காத கடற்காகங்கள் அவள் வீட்டுக் கூரையில் மட்டும் வந்து உட்கார்ந்து கத்தின. அறுபதை நெருங்குகிறவளுக்கு எழுத எங்கிருந்து வருகிறது என்று வகுப்பில் கேட்டார்கள். "கத்தியை வெச்சா எலும்பு எங்க இருக்குன்னு கைக்குத் தெரியும்ல, அப்படித்தான்" என்றாள். ஆசிரியை அதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டாள்.

எசேக்கியாவை ஊரே மாமா என்றுதான் கூப்பிடும். தடை வந்ததிலிருந்து பொழுது போகாமல் தினமும் மினர்வாவின் அடுக்களைக்கு வந்து, அவள் எழுதியதைப் படிக்கச் சொல்லிக் கேட்பார். அன்றைக்கும் வந்தார்.

"காத்து எந்தப் பக்கம்?"

"தென்மேக்கு, மாமா."

"மீனு?"

"துடுப்பு போட முடியல, அவ்வளவு முட்டுது."

"அப்ப இன்னொரு ஆளு இருந்தா உதவியா இருக்கும்ல?"

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்து, 'எசேக்கியா படகில் ஏறினார்' என்று எழுதிவிட்டு அவள் நிமிர்ந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. தாளில் அவருக்கு முப்பத்தொன்பது வயது, மூட்டுவலி இல்லை. மத்தியானம் அவரைத் தேடி வந்த மனைவி பியூலா அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தாள்.

"பாவி மனுசன், எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம போயிட்டானே! பல்லெல்லாம் இருக்கா?"

"முப்பத்திரண்டும் இருக்கு."

"அப்பச் சரி" என்று உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அதற்குப் பிறகு ஆண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஆல்பர்ட்டா தூரம், குளிர், அங்கே யாரையும் தெரியாது. நாவல் பக்கத்தில் இருந்தது, அதில் இருந்தவர்கள் எல்லாரும் தெரிந்தவர்கள். இலை உதிர்வதற்குள் இருபத்து மூன்று பேர் போய்விட்டார்கள். பெண்கள் ஒருத்தியும் கேட்கவில்லை. 1962-இல் தங்களுக்கு எவ்வளவு வேலை இருந்தது என்பது அவர்களுக்கு நன்றாக நினைவிருந்தது. நானும் கேட்கவில்லை. நான் தபால் நிலையத்தில் இருந்தவன், படகைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைப் புரட்டும்.

சிக்கல் மினர்வாவின் கணவன் ஹெட்லியால் வந்தது. என்னோடு பள்ளியில் படித்தவன், நல்ல மீனவன். தடை வந்த நாளிலிருந்து அடுக்களை சன்னலோரம் உட்கார்ந்து, கரையேற்றி வைத்த தன் படகைப் பார்த்தபடியே இருந்தான். மனைவி தானாகக் கூப்பிடுவாள் என்று காத்திருந்தான். அவள் கூப்பிடவில்லை. ஆனால் நாவலில் இருந்தவர்கள் ஏறி உட்கார்ந்திருந்தது அவனுடைய படகில். அதை ஓட்ட அவன்தான் வர வேண்டும். வேறொருவன் ஓட்டியதாக எழுதிப் பார்த்தாள், பென்சில் தாளில் பதியவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் துறையை விட்டுக் கிளம்பாமல், பனிமூட்டத்தில், ஆறு வாரம் அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தார்கள். மினர்வாவால் ஒரு வரி எழுத முடியவில்லை.

"நொண்டி, முடம் எல்லாத்தையும் ஏத்திவிட்ட" என்றான் ஹெட்லி. "என்னை மட்டும் ஏன் மின்னி கரையில கட்டிப் போட்டிருக்க?"

"நீயும் போயிட்டா நான் யாரோட சண்ட போடுறது?"

"நாம சண்ட போட்டே ரெண்டு வருஷமாச்சு."

அது உண்மைதான். மறுநாள் பியூலா பத்துப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்து அடுக்களையில் நின்றாள். "அடியே, எம் புருஷன் ஆறு வாரமா ஒரு வாய் டீ இல்லாம ஈரத்துல குந்தியிருக்கான். உம் புருஷன் உனக்கு வேணும்னா எங்க புருஷங்களைத் திருப்பிக் குடு. இல்லைன்னா படகைக் கிளப்பு" என்றாள். திருப்பிக் கொடுக்க வழி தெரியாது. ரப்பரால் அழித்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவே எல்லாருக்கும் பயமாக இருந்தது. பெண்கள் போன பிறகும் மினர்வா அடுப்படியிலேயே நின்றாள். அவளுக்கு ஒன்று புரிந்தது: சன்னலோரம் உட்கார்ந்திருந்தவனை அவள் பிடித்து வைத்திருந்தாளே ஒழிய, அவன் அவளோடு இருக்கவில்லை.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உப்பிட்ட மாட்டிறைச்சியும் முட்டைக்கோசும் சாப்பிட்டு முடித்த பிறகு ஹெட்லி சவரம் செய்துகொண்டான். முப்பத்தைந்து வருடத்தில் முதல் தடவையாகத் தட்டுகளைக் கழுவி வைத்தான். "வலிக்குமா?" என்று கேட்டான். "உனக்கு வலிக்காது" என்றாள் மினர்வா. அவள் அவசரப்படவில்லை. கைகளை முதலில் எழுதினாள், பிறகு கழுத்து, பிறகு படகைத் தள்ளும்போது அவன் போடும் அந்த முனகல். முகத்தைக் கடைசிவரை தள்ளிப்போட்டாள். அதையும் எழுதியபோது படகு கிளம்பியது. அன்று மினர்வா அழுதது பிட்டர் கோவ் முழுவதும் கேட்டது. எங்களில் ஒருவரும் போகவில்லை. போய் என்ன சொல்வது?

அவள் கணக்கில் எடுக்காத ஒன்று இருந்தது. 1962-இல் மீன் பிடித்துவிட்டு ஹெட்லி வீடு திரும்பினால் அங்கே ஒரு மனைவி இருப்பாள், அவளுக்கு இருபத்தேழு வயது, பெயர் மினர்வா. அவள் இடுப்பில் கை போட்டு ஹெட்லி சிரிப்பதையும், அவள் அவனைத் திட்டுவதையும், ஐம்பத்தொன்பது வயது மினர்வாதான் உட்கார்ந்து எழுத வேண்டியிருந்தது. வயிறு எரிந்தது என்று பிற்பாடு என்னிடமே சொன்னாள். ஒரு வாரம் அந்தச் சின்னவளுக்குப் பல்வலி கொடுத்துப் பார்த்தாள். ஹெட்லி கிராம்புத் தைலம் வாங்க மழையில் நடந்தே போனான். எழுதி முடித்துவிட்டு வெட்கப்பட்டு, மறுநாளே பல்லைச் சரிசெய்துவிட்டாள்.

ஆசிரியை பக்கங்களைப் பிரதியெடுத்து டொராண்டோவுக்கு அனுப்பினாள். புத்தகம் வந்தது, பரிசும் வந்தது. அறுபத்திரண்டு வயதில் முதல் நாவல் என்று பத்திரிகைகள் வியந்தன. கதை முடியாமல் நிற்பதுதான் அதன் அழகு என்று விமர்சகர்கள் எழுதினார்கள். அழகாவது, மண்ணாவது. முடித்தால் உள்ளே இருப்பவர்கள் என்ன ஆவார்கள் என்று தெரியாததால் அவள் முடிக்கவில்லை. செப்டம்பர் வந்தால் மீன் ஆழத்துக்குப் போய்விடும் என்பதால் ஆகஸ்டையும் விடவில்லை. முப்பத்தொன்றுக்குப் பிறகு முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று என்று எழுதிக்கொண்டே போனாள். அவள் ஒரு நாள் எழுதினால் அவர்களுக்கு ஒரு நாள். நிமோனியா வந்து ஒன்பது நாள் படுத்தபோது உள்ளே ஒன்பது நாள் பனிமூட்டம். பத்தாம் நாள் பியூலா பென்சிலைச் சீவி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே போய்விட்டாள். பியூலா தானும் எழுதிப் பார்த்தாள், பதியவில்லை. மினர்வாவுக்குப் பிறகு என்ன என்பதை ஊரில் யாரும் பேசுவதில்லை.

இப்போது அவளுக்கு எழுபது வயது, கை நடுங்குகிறது. நான் தபால் கொடுக்கப் போகும் சாக்கில் அவள் எழுதுவதைப் பார்த்துக்கொண்டு உட்காருவேன். போன செவ்வாய்க்கிழமை, ஆகஸ்ட் மூவாயிரத்து எண்ணூற்று நான்காம் தேதி, படகுகள் நான்கு மணிக்கே திரும்பிவிட்டன. ஹெட்லி கை கழுவிவிட்டு மேசையில் உட்கார்ந்தான். சின்னவள் டீ ஊற்றினாள். அவன் கோப்பையை வாயருகே கொண்டுபோனவன் அப்படியே நிறுத்தி, தலையைச் சாய்த்துக் கேட்டான்.

"யாரோ கிறுக்குற மாதிரி சத்தம் கேக்குது பாரு."

மினர்வா பென்சிலைத் தாளிலிருந்து தூக்கிப் பிடித்தாள். அந்த வயதில் தான் என்ன சொல்லியிருப்பாள் என்பது அவளுக்குத் தெரியும். பிறகு எழுதினாள்.

"எலியா இருக்கும். நாளைக்குப் பொறி வெக்கிறேன், நீ டீயைக் குடி."

ஹெட்லி குடித்தான். மறுநாள் காலை பொறி வைத்ததையும் மினர்வா எழுதினாள். காற்று தென்மேற்கு, மீன் பரவாயில்லை.