டீக்கடை வரை ஓர் எல்லைக்கோடு

இன்னும் இருபத்தெட்டரை மணி நேரம் இருந்தது. மறுநாள் மதியம் மூன்றரைக்கு ஜெர்மனியிலிருந்து வீடியோ அழைப்பு வரும். அதற்குள் யூனிஸ் ஓர் எண்ணைக் கண்டுபிடித்தாக வேண்டும். சுந்தரராமன் சாரின் பட்டறையில் ஒரு டன் போல்ட் செய்து முடிப்பதற்குள் எத்தனை கிலோ கரியமில வாயு காற்றில் கலக்கிறது என்கிற எண்.

பீன்யா தொழிற்பேட்டையில் இருந்த அந்தப் பட்டறையில் அவள் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. எம்.எஸ்ஸி. வேதியியல் படித்தவள். அடுகோடியிலிருந்து பஸ்ஸும் மெட்ரோவும் மாறி வருவாள். யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால், பதில் சொல்வதற்கு முன்னால் துப்பட்டாவை ஒருமுறை சரிசெய்துகொள்வாள். அவளை வேலைக்கு எடுத்ததே இந்த எண்ணுக்காகத்தான். இரும்புச் சாமான் ஐரோப்பாவுக்குள் நுழைகிற இடத்திலேயே இப்போது கார்பனுக்கு வரி உண்டு. அதனால் வாங்குகிறவர்கள் கணக்குக் கேட்கிறார்கள். கொடுக்காவிட்டால் அவர்களே ஓர் எண்ணைப் போட்டுக்கொள்வார்கள். அதற்கு ‘டீஃபால்ட்’ என்று பெயர். பெரும்பாலும் அது நிஜத்தைவிடக் கூடுதலாகவே இருக்கும். அந்த எண்ணைச் சுமந்துகொண்டு போட்டி போட்டால் ஆர்டர் கைவிட்டுப் போய்விடும்.

சேர்ந்த முதல் வாரமே சூப்பர்வைசர் தனக்கோடி அவளுக்குப் ‘புகை மேடம்’ என்று பெயர் வைத்துவிட்டார். கணக்கில் மூன்று வகை உண்டு என்று அவள் மெல்லிய குரலில் எல்லோருக்கும் விளக்கியிருந்தாள். ஜெனரேட்டரில் ஊற்றும் டீசலைப் போல நாமே எரிப்பது முதல் வகை. நாம் வாங்கும் கரண்ட்டுக்காக எங்கோ எரிகிற நிலக்கரி இரண்டாவது. நாம் வாங்கும் கம்பியைச் செய்ய உருக்காலையில் எரிந்தது மூன்றாவது. கணக்கு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று ஓர் எல்லைக்கோடு போட்டுக்கொள்ள வேண்டும். கோட்டுக்கு உள்ளே இருப்பதெல்லாம் நம் தலையில் விழும்.

“அப்போ என் பீடி எந்த வகை மேடம்?” என்று தனக்கோடி கேட்டார்.

அவள் நிஜமாகவே யோசித்துவிட்டு, முதல் வகை என்றாள். அந்தச் சிரிப்பு அடங்க ஒரு வாரம் ஆயிற்று.

டீசலும் கம்பியும் சரியாக வந்துவிட்டன. கரண்ட்தான் இடித்தது. ஒவ்வொரு மெஷினாகக் கருவி வைத்து அளந்து கூட்டினாள். மின்வாரியத்தின் பில் அதைவிடக் கொஞ்சம் கூடவே காட்டியது. பட்டறை பூட்டியிருக்கும் ஞாயிற்றுக்கிழமையிலும் மீட்டர் மெதுவாக ஓடியது. தனக்கோடியிடம் கேட்டால், பழைய ஒயர், அங்கங்கே ஒழுகும் என்றார். ஒழுகுகிற கரண்ட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாதா என்று கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டாள்.

கடைசியில், எல்லா மெஷினையும் நிறுத்திவிட்டு மெயினை ஒரு நிமிடம் அணைத்துப் பார்க்கச் சாரிடம் அனுமதி கேட்டாள். சுந்தரராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மெயினையேவா?” என்றார். பிறகு சரி என்று தலையாட்டி, பாங்க்கில் வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனார்.

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு மெஷின்கள் நின்றன. மீட்டர் அப்போதும் ஓடியது. அவள் தலையசைத்தாள், தனக்கோடி மெயினை இறக்கினார். ஃபேன்கள் சுழன்று ஓய்ந்தன. அந்த அமைதியில், பின்மதிலுக்கு அந்தப் பக்கம் பாடிக்கொண்டிருந்த ரேடியோவும் நின்றுபோனது கேட்டது. ஒரு மிக்ஸி இழுத்துக்கொண்டே அடங்கியது.

“ஏம்பா, கரண்ட் போயிடுச்சா?” என்று மதிலுக்கு வெளியே டீக்கடைக் கோமளத்தின் குரல் வந்தது.

உள்ளே எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கோமளத்தின் டீக்கடை மதிலை ஒட்டி ஆறு வருஷமாக இருந்தது. பட்டறைக்கு நாலு மணி டீ அங்கிருந்துதான் வரும். கடை தொடங்கியபோது, உள்ளேயே ஒரு அறையை எடுத்துக்கொள்ளச் சொல்லிச் சார் கேட்டாராம். ஓசியில் எதுவும் வேண்டாம் என்று கோமளம் அப்போதே சொல்லிவிட்டார். பிறகு பட்டறை வேலைக்கு வந்த ஒரு எலக்ட்ரிசியன், மிச்சமிருக்கிற ஒயரில் அக்காவுக்கு ஒரு லைன் இழுத்துத் தரவா என்று தானாகவே கேட்டான். தனக்கோடி மதிலில் ஓட்டை போட்டுக் கொடுத்தார். ஃப்ரிட்ஜ், மிக்ஸி, ஒரு லைட், ரேடியோ எல்லாம் அதில் ஓடின. பதிலுக்குச் சனிக்கிழமை டீ பட்டறைக்கு இலவசம். கோமளத்தைப் பொறுத்தவரை அது நேர்மையான வியாபாரம்.

“சாருக்குத் தெரியாது மேடம்” என்றார் தனக்கோடி. “அந்தப் பக்கம் வரும்போது சாவிக்கொத்த ஆட்டிக்கினே வருவாரு. சத்தம் கேட்டதும் ஓடிப்போய் ஒயர்மேல சாக்கப் போட்டு மூடிடுவோம். ஆறு வருஷமா தப்பிச்சிட்டோம். நீங்க லாஸ்னு போட்ருங்க, முடிஞ்சுது.”

ஒயரில் வீணாகும் கரண்ட்டுக்கென்று கணக்கில் அப்படி ஒரு வரி உண்டுதான். ஆனால் இவ்வளவு சின்னக் கட்டடத்தில் ஒயர் அத்தனை கரண்ட்டைத் தின்னாது. கணக்கின் கீழே போடப்போவது அவள் பெயர். பொய்யை எழுதினால் அந்த எண் அவளுடையது இல்லை. உண்மையை எழுதினால் சார் பார்ப்பார், லைனை அறுக்கச் சொல்வார். கடையில் ஃப்ரிட்ஜ் நின்றால் பால் நிற்காது. பால் இல்லாமல் எந்த டீக்கடையும் இல்லை. அன்று மெட்ரோவில் உட்கார இடம் கிடைத்தும் அவள் நின்றுகொண்டே வந்தாள்.

மறுநாள் காலை நேராகக் கடைக்குப் போனாள். டீயை வாங்கிக்கொண்டு, துப்பட்டாவைச் சரிசெய்தாள்.

“அக்கா, உங்க லைன நான் கணக்குல எழுதப்போறேன்.”

கோமளம் பால் குண்டாவிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. “எழுதினா என்ன ஆகும்?”

“சாருக்குத் தெரிஞ்சிடும்.”

“எழுதாம விட்டா உனக்கு என்ன ஆகும்?”

அவள் கையிலிருந்த டீ ஆறிக்கொண்டிருந்தது.

“வாயே தெறக்காத புள்ள, இத சொல்ல இம்மா தூரம் நடந்து வந்திருக்க” என்றார் கோமளம். “எழுதிக்கோ கண்ணு. லைன அவுத்துட்டா ஐஸ் பொட்டி வாங்கிப்பேன். அந்த மனுசன் சும்னே, ஓசியா குடுத்திருந்தா நான் வாங்கியே இருக்க மாட்டேன். இது பசங்க குடுத்தது. அதனாலதான் ஆறு வருஷம் ஓடுச்சு.”

யூனிஸ் பட்டறைக்குத் திரும்பி வந்து எல்லைக்கோட்டை மறுபடி வரைந்தாள். வரைபடத்தில் மதில் இருந்த இடத்தைத் தாண்டி, டீக்கடையையும் உள்ளே வைத்து வளைத்தாள். கரண்ட் எங்கள் மீட்டரிலிருந்து போகிறது, ஆகவே அந்தப் புகையும் எங்களுடையது. எண் கொஞ்சம் ஏறியது. ஆனாலும் டீஃபால்ட்டைவிட நன்றாகவே கீழே நின்றது. கீழே தன் பெயரை அடித்தபோது அவளுக்கு விசித்திரமான ஒரு நிம்மதி வந்தது.

மூன்றரைக்குச் சாரின் அறையில் திரை உயிர் பெற்றது. போல்ட் வாங்கும் கம்பெனியின் ஜெர்மன் அம்மாள் ஒவ்வொரு வரியாகக் கேட்டாள். ஆங்கிலத்தில்தான் பேச்சு. டீசல், கம்பி, கரண்ட் எல்லாவற்றையும் யூனிஸ் சொல்லிக்கொண்டே வந்தாள். முதல் பத்து நிமிடம் நடுங்கிய குரல் பிறகு நடுங்க மறந்துவிட்டது. சுந்தரராமன் பக்கத்தில் உட்கார்ந்து சாவிக்கொத்தை உருட்டிக்கொண்டிருந்தார். நாலு மணி ஆகப்போகும்போது திரையிலிருந்து கேள்வி வந்தது. மதிலுக்கு வெளியே ஒரு டீக்கடை என்று போட்டிருக்கிறீர்களே, அது என்ன?

சாவிக்கொத்து நின்றது.

யூனிஸ் சார் பக்கம் திரும்பவில்லை. கடை எங்களுடையது அல்ல, ஆனால் மின்சாரம் எங்களுடையது, அதனால் எல்லைக்குள் வைத்தேன் என்றாள். அந்த அம்மாள் தலையாட்டி எதையோ குறித்துக்கொண்டாள். இப்படி ஒளிக்காமல் எழுதுகிறவர்கள் குறைவு என்றாள். எண்ணை ஏற்றுக்கொள்வதாகவும் சொன்னாள். பிறகு, இன்னும் ஒன்றுதான் பாக்கி என்றாள். அந்த இணைப்பு நிர்வாகம் கொடுத்ததா, அல்லது நிர்வாகத்துக்குத் தெரியாமல் எடுத்ததா? தெரியாமல் என்றால் துண்டித்துவிட்டு ஆதாரம் அனுப்ப வேண்டும்.

இந்தக் கேள்வியை யூனிஸ் எதிர்பார்த்திருக்கவில்லை. அவளிடம் இருந்த உண்மை ஒன்றுதான். அதைச் சொன்னால் லைன் போய்விடும். துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள்.

அப்போது கதவு திறந்தது. நாலு மணி டீத்தட்டோடு கோமளம் நின்றார். பின்னாலேயே, அவரைத் தடுக்க ஓடிவந்த தனக்கோடி மூச்சிரைத்துக்கொண்டு நின்றார். திரையில் அந்த அம்மாள் காத்திருந்தாள்.

சுந்தரராமன் மைக்கை அணைக்கவில்லை. சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்துவிட்டுக் கதவுப் பக்கம் திரும்பினார். தப்பு செய்து மாட்டிக்கொண்டவர்போல அவர் முகம் சிவந்திருந்தது.

“கோபப்படாம கேளும்மா கோமளம்” என்றார். “அந்த லைன இழுக்கச் சொல்லி எலக்ட்ரிசியன அனுப்பினதே நான்தான்.”