கம்ப்யூட்டரில் ஏறாத தோள்வலி

கற்பகம் இட்லிக் கடையை அரைமணி முன்னதாகவே மூடிவிட்டு வந்து, மகள் அஞ்சனாவின் வலத்தோளை மறைத்துச் சால்வையைப் போர்த்தினாள். மட்டாஞ்சேரியின் ஜூன் புழுக்கத்தில் சால்வை! என்ன செய்வது, அஞ்சனா சேரப்போகும் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் படகுப் பயிற்சிக்காரி வீடியோவில் கூப்பிடப் போகிறாள். தோள்கட்டு கண்ணில் பட்டால் எல்லாம் போச்சு.

துடுப்புப் போடும் சாமர்த்தியத்துக்காகத்தான் அந்தப் பெரிய பல்கலைக்கழகம் இடமும் கொடுத்து, படிப்பு, சாப்பாடு எல்லாம் இலவசம் என்கிறது. அப்படித்தான் தாயும் மகளும் நினைத்திருந்தார்கள். ஏப்ரலில் அஞ்சனாவுக்குத் தோள் பிசகியது. "ஆஸ்பத்திரிக்குப் போனா கம்ப்யூட்டர்ல ஏத்திருவான். அமெரிக்காக்காரன் அங்கன உக்காந்தே பாத்துருவாம்ட்டி" என்று கற்பகம் அவளைப் படகேற்றி, வைப்பின் தீவில் ஒரு வைத்தியரிடம் எண்ணெய்க்கட்டுப் போடக் கூட்டிப்போனாள். இரண்டு மாதமாகியும் வலி குறைந்தபாடில்லை. பெண் இடக்கையால் சோறு அள்ளுவதைப் பார்க்கும்போதெல்லாம் கற்பகம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெற்றவள் செய்கிற காரியமா இது? ஆனால் இட்லி விற்று எந்த ஜென்மத்தில் அந்த ஃபீஸைக் கட்டுவது!

ஃபோனில் அந்தம்மா சிரிக்கச் சிரிக்கப் பேசினாள். கடைசியில் கையசைத்தாள். பழக்கதோஷத்தில் அஞ்சனாவும் வலக்கையைத் தூக்கினாள். முகம் சுண்டிப்போயும் சிரிப்பை விடவில்லை பாவி மகள். அதற்குமேல் கற்பகத்தால் தாங்க முடியவில்லை.

"போதும்ட்டி. சொல்லித் தொலை."

"அம்மா, ஒண்ணு மிண்டாதிரி! பேசாத!"

சால்வையை உருவி எறிந்தாள் கற்பகம். அஞ்சனா அழுதுகொண்டே இங்கிலீஷில் எல்லாவற்றையும் கொட்டினாள். அந்தம்மா நிதானமாக ஏதோ சொன்னாள். அஞ்சனா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னட்டி சொல்லுதா? வர வேண்டாம்னுட்டாளா?"

"அங்க விளையாட்டுக்குன்னு பைசாவே கிடையாதாம்மா. அது அவங்க ரூல். நம்ம வீட்டு வருமானம் பாத்துத்தான் தந்தது. சீட்டும் தந்தது தந்ததுதான். துடுப்பே தொடலேன்னாலும் பிடுங்க மாட்டாங்களாம். நீ ஒப்பு வெச்ச பேப்பர்லயே உண்டாம். நான்தான் சரியா வாசிக்கல. நாளைக்கே டாக்டரைப் பாக்கச் சொன்னாங்க."

கற்பகம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அடி கிறுக்கி, நம்ம இல்லாமைக்கா தந்தான்? அதுல நமக்கு என்ன குறைச்சல்!"

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

மறுநாள் எர்ணாகுளம் ஆஸ்பத்திரியில் கவுண்டர்ப் பெண் நிமிராமல் கேட்டாள்: "எந்தா பிரச்னம்?"

கற்பகம் கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: "வலத்தோளு, சேச்சி. ஏப்ரல்லேருந்து வலி. ஒண்ணு விடாம கம்ப்யூட்டர்ல ஏத்துங்க."

ஸ்கேன் அறைக்கதவு மகளை உள்ளே வாங்கி மூடிக்கொண்டது. வெளியே பெஞ்சில், எண்ணெய் மணக்கும் சால்வையை மடியில் வைத்துக்கொண்டு, கற்பகம் வாய் நிறையக் கொட்டாவி விட்டாள்.