ரீசெட் பண்ண மாட்டேன்

கம்பெனியில் சேர்ந்து பத்து மாதமாகிறது. முதலாளி கேஷவ் சார் என்னிடம் ‘ப்ளீஸ்’ என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அன்று காலை போனில் இரண்டு தடவை சொன்னார்.

“இளவேனில், ப்ளீஸ், ஸ்ரீரங்கம் அபார்ட்மென்ட்டுக்குப் போய் ரெண்டு பாக்ஸையும் ரீசெட் பண்ணிட்டு வந்துடு. ஃபைலை இங்க சரி பண்ணிட்டேன். அங்க யார்கிட்டயும் எதுவும் பேச வேணாம், ப்ளீஸ்.”

மொட்டைமாடித் தொட்டிகளில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்பதைக் கீழே அசோசியேஷன் அறைத் திரைக்கு அனுப்பும் டிவைஸ் சர்வரைத்தான் நாங்கள் பாக்ஸ் என்போம். தொட்டிக்கு ஒன்று. அதன் துளையில் ஊசியை விட்டு அழுத்தினால் பழையதையெல்லாம் மறந்துவிடும். பிறகு எங்கள் ஆபீஸ் சர்வரிடம் தன் பெயரைத் தானே கேட்டு வாங்கிக்கொள்ளும். மனிதர் கையே படவேண்டாம் என்று சொல்லித்தான் கேஷவ் சார் திருச்சி முழுக்க விற்கிறார்.

போன வாரம் இடி விழுந்து இரண்டும் நின்றுபோனபோது ரீசெட் செய்தவள் நான். பச்சை விளக்கு எரிந்ததும் கிளம்பிவிட்டேன். ஆபீஸ் ஃபைலில் ஏ பிளாக், பி பிளாக் பெயர்கள் இடம் மாறியிருந்தன. மறுநாள் காலியானது பி பிளாக் தொட்டி. திரை காட்டியதோ ஏ பிளாக் காலி என்று. அதைப் பார்த்து, அங்கே மோட்டார் பார்த்துக்கொள்ளும் அமிர்தம் அக்கா ஏ பிளாக் மோட்டாரைப் போட்டார். நிரம்பியிருந்த தொட்டி வழிந்து, தண்ணீர் லிஃப்ட் குழிக்குள் இறங்கி, லிஃப்ட் படுத்துவிட்டது.

அன்று நான் அசோசியேஷன் அறைக்குப் போனபோது செயலாளர் சாரங்கபாணி சார் மேஜைமேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்திருந்தார். அக்கா எதிரில் நின்றுகொண்டிருந்தார்.

“தூங்கிட்டேன்னு ஒரு வரி எழுதிக் கொடுத்துட்டு வேலைய விட்டு நின்னுக்கோ. இதுக்கு மேல நான் ஒண்ணும் பண்ணமாட்டேன்.”

“நான் தூங்கலங்க.”

“பின்னே தொட்டி தானாவா வழிஞ்சுது?” என்றவர் என்னைப் பார்த்ததும், “வாம்மா, ரீசெட் பண்ணிட்டுக் கிளம்பு” என்றார்.

அந்த இரண்டு ப்ளீஸுக்கும் அர்த்தம் அப்போதுதான் புரிந்தது. அழுத்தினால் எல்லாம் சரியாகிவிடும். அக்கா மட்டும் தூங்கினவராகவே வெளியே போவார். எனக்குக் கோபம் வந்தது. கேஷவ் சார் மேல் பாதி, என் மேல் பாதி.

“பண்ண மாட்டேன் சார்.”

“என்னது?”

“அக்கா, மேல போய் ஏ பிளாக் தொட்டி வால்வைக் கொஞ்ச நேரம் திறந்து விடுங்க. சார், நீங்க திரையைப் பாருங்க.”

அக்கா நான்கு மாடி ஏறிப் போனார். சற்று நேரத்தில் திரையில் எண் இறங்க ஆரம்பித்தது. எண்பத்திரண்டு, எழுபத்தொன்பது, எழுபத்தைந்து.

“இதென்ன, பி பிளாக்னா குறையறது?” என்றார் அவர்.

போன் அதிர்ந்தது. கேஷவ் சார்தான். கட் செய்தேன்.

“பேர் மாறிப்போச்சு சார். தப்பு எங்க கம்பெனியோடது. ரீசெட் பண்ணது நான். மாடி ஏறி ஒரு தடவை எட்டிப் பாத்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். பாக்கல.”

வேலை போய்விடும் என்று தெரியும். போகட்டும்.

மூச்சு வாங்க இறங்கி வந்த அக்காவிடம் எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன். சாரங்கபாணி சார் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“சரி, ஆனது ஆச்சு. லெட்டர் கிட்டர் ஒண்ணும் வேண்டாம். நீ போய் வேலையப் பாரு.”

அக்கா போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரில் உட்கார்ந்தார்.

“ஒரு வாரமா பால் போடறவரு வரைக்கும் என்னைத் தூங்குமூஞ்சின்னாங்க. லெட்டர் வேணும் சார். நான் சொல்றேன், நீங்க எழுதுங்க.”

அவர் வாசலைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், கடைசியில் பேனாவை எடுத்தார். “இந்தப் பொண்ணு பேரும் வரணுமா?” என்று கேட்டார்.

“வரணும்” என்றார் அக்கா, என் பக்கம் திரும்பாமலே.

“போடுங்க சார்” என்றேன். “இளவேனில்.”