அதே மூட்டைக் கந்தகம்

கந்தகம் வாங்க வருகிறவன் மூட்டைக் கணக்கில் கேட்பான். கால் கிலோ கேட்டு வருகிறவன் ஒன்று வைத்தியன், இல்லாவிட்டால் அதிகாரி. சிவகாசியில் இருபது வருஷமாகப் பட்டாசுக்கான மருந்துச் சாமான் விற்கும் லட்சுமிகாந்தம் நம்பியிருந்த வேதம் அது. அதனால், வைகாசியில் கால் கிலோ வாங்கிப்போன பெண் 2006 ஆவணியில், சீசன் கொதிக்கிற நேரத்தில், மறுபடி படியேறியதும் அதிகாரி என்றே அவர் முடிவு கட்டினார். கந்தக மூட்டைக்கு ரெண்டு படி ஜிப்சம், அந்த வெள்ளை மண் தூள், கலக்கிறவர் வேறென்ன நினைப்பார்? லைசென்ஸ் போனால் கடையும் போச்சு.

"வாங்க தாயி. எந்த ஆபீஸ்னு போன தடவையே சொல்லலையே."

"ஆபீஸ் இல்ல அண்ணாச்சி, விருதுநகர்ல காலேஜு. பேரு ஓவியா. ஆராய்ச்சி பண்றேன்."

துத்தநாகத்தையும் கந்தகத்தையும் கண்ணாடிக் குழாயில் அடைத்து, வாரக்கணக்கில் உலையில் வைத்துப் படிகம் வளர்ப்பதாகச் சொன்னாள். அதற்குக் குறைக்கடத்தி என்று பெயராம். லட்சுமிகாந்தம் தலையாட்டினார். புரியாத இடத்தில் தலையாட்டுவது பாதி வியாபாரம்.

அவள் பொட்டலம் ஒன்றைப் பிரித்தாள். அரிசி அளவில் ஒரு கல். அவள் கொண்டுவந்த கைவிளக்கின் ஊதா வெளிச்சம் பட்டதும் அது பச்சையாக ஒளிர்ந்தது.

"இது உங்க கந்தகத்துல வளந்தது. பெறகு மெட்ராஸ்ல இருந்து சுத்தமானது வரவழைச்சேன், ஒளியே வரல. எனக்கு அதே மூட்டைக் கந்தகம் வேணும். அதுல என்னமோ கலந்திருக்கு."

"நம்ம சரக்குலயா? பத்ரகாளி மேல ஆணை, கலப்படமே கெடையாது."

"கொறை சொல்லல அண்ணாச்சி. கலந்ததுதான் வேணும்."

கலப்படத்தைக் கேட்டு வந்த முதல் கிராக்கி. இதைவிட நைசான பொறியை எந்த அதிகாரியும் வைத்ததில்லை.

"குழாய்க்கு அடியில வெள்ளையா ஒரு மண்ணு தங்குச்சு, அது கெடக்கட்டும். ஒளி வாரது செம்பால. துளியூண்டு செம்பு. அது எப்படி வந்துச்சுன்னு சொல்லலன்னா என் மூணு வருஷப் பாடு வீணு."

வெள்ளை மண் அவர் கலந்த ஜிப்சம்தான்; அவள் அதைப் பார்த்துவிட்டதே பயம். அதை அவள் கண்டுகொள்ளாமல் தாண்டிப்போனது அதைவிடப் பயமாக இருந்தது.

எடை போடும் பால்பாண்டி உள்ளேயிருந்து தலையை நீட்டினான். "செம்பா? நீலக் கலருக்குப் போடுற செம்பு உப்ப அள்ளுற கரண்டியிலதான மொதலாளி கந்தகத்தையும் அள்ளுதேன்."

"ஏலே, ஒன்னைய எவன்லே கேட்டான்?"

ஓவியா முகம் மலர்ந்தது. "அதேதான். இதக் கடைச் சீட்டுல ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்க அண்ணாச்சி."

"கரண்டியையே எடுத்துக்கோங்க தாயி. செம்பு உப்பும் சும்மா தாரேன். கையெழுத்து மட்டும் கேக்காதீக."

அவள் சீட்டை விட்டுவிட்டாள். "சரி, நானே கலந்து பாத்துக்கிடுதேன்."

கந்தகத்தையும் செம்பு உப்பையும் லட்சுமிகாந்தம் கடைப் பெயர் அச்சடிக்காத காகிதமாகத் தேடி எடுத்துச் சுற்றிக் கொடுத்தார். அவள் விருதுநகர் பஸ் ஏறி, பஸ் திரும்பி மறையும்வரை வாசலிலேயே நின்றார். பிறகு உள்ளே வந்தார்.

"ஜிப்சம் அம்புட்டையும் கொண்டுபோய்க் கொட்டுலே."

"அந்தப் பொண்ணு பஸ்ஸுலதான போகுது மொதலாளி. ஆபீசருன்னா ஜீப்புலல்ல வருவாக."

"ஜீப்புல வாரவன்கிட்ட பேசி முடிச்சுக்கிடலாம்லே. வெள்ளை மண்ணைப் பாத்துட்டு ஒண்ணுமே கேக்காமப் போறவகிட்ட என்னத்தப் பேச?"