தொண்ணூறு கையெழுத்து

ஆறு வருடமாக மருத்துவமனையில் தரை துடைத்தவள் நான். ரத்தம் எடுக்கும் மேசையில் உட்கார வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை. "மூணு மாசப் படிப்பு ஒண்ணு இருக்கு. முடிச்சிட்டு சர்டிபிகேட்டோட வா, மாத்திவிடறேன்" என்று மேட்ரன் சொன்ன அன்றைக்கே புது நோட்டு வாங்கிவிட்டேன்.

பயிற்சி மையம் ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒற்றை அறை. கரும்பலகை கூடக் கிடையாது. சேர்க்கைப் படிவத்தை நிரப்பிக் கொடுத்ததும், அங்கிருந்த குமாஸ்தா பல் குத்திக்கொண்டே வருகைப் பதிவேட்டை என் பக்கம் தள்ளினான். தொண்ணூறு கட்டங்கள். எல்லாம் கடந்துபோன மூன்று மாதத்துத் தேதிகள்.

"எல்லாத்துலயும் கையெழுத்து போடுங்கக்கா. இந்தாங்க மூணு பேனா, மாத்தி மாத்திப் போடுங்க. நடுவுல நாலு நாள் லீவு விடுங்க, அப்பதான் நம்புவாங்க."

"கிளாஸ் எப்ப தம்பி?"

"அதான் தொண்ணூறு நாளும் வந்துட்டீங்களே!" அவனே சிரித்துக்கொண்டான்.

"ஊசி போட, நரம்பு பார்க்கவெல்லாம் யாரு சொல்லித் தருவா?"

"வேலைக்குப் போனா தன்னால வந்துடும். மார்க்கே போட்டாச்சுக்கா, எண்பத்திரெண்டு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இவனுக்கு மறைக்கவும் சோம்பல். செருப்பைக் கழற்றலாம் போல இருந்தது. ஆனால் பேனாவைத்தான் எடுத்தேன். இருபது கட்டம் தாண்டியதும் கை பழகிவிட்டது. லீவு நாட்களுக்கு, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று காரணம்கூட யோசித்தேன். யாரும் கேட்காத காரணம்!

அந்த வாரமே சர்டிபிகேட்டை நீட்டினேன். மேட்ரன் அதிலிருந்த தேதியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கோப்பில் செருகிக்கொண்டாள். திங்கட்கிழமை மேசைக்கு வந்துவிட்டேன்.

முதல் ஆள் ஒரு லாரி டிரைவர். மலை மாதிரி உடம்பு. ஊசியைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஊசின்னாலே எனக்கு உசுரு போயிடும். நீங்க முறையா படிச்சவங்கதானே?"

"ஆமாண்ணே. மூணு மாசம்."

முதல் குத்தில் ரத்தம் வரவில்லை. அடுத்ததில் அந்த இடம் நீலமாக வீங்கியது. மறு கையை நீட்டச் சொன்னேன். ஐந்தாவது குத்தில்தான் குழாய் நிறைந்தது.

அவர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"என் நரம்புதான் சரியில்ல. உங்களுக்குத்தான் சிரமம். மன்னிச்சிடுங்க சிஸ்டர்."

"பரவாயில்லண்ணே" என்றேன்.